பழனியில் போட்ட மொட்டைக் கடிதம்

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டர் அண்ணன் லாக்டோமீட்டரைப் பிடிக்கிற விதமே தனி. கண்ணாடிக் குழாயைக் கழுத்தில் பிடித்துப் பாலுக்குள் மெதுவாக இறக்கி, அது ஆடி நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். தண்ணீர் கலந்த பாலில் அது முங்கும். கன்னிவாடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரின் மொத்த யோக்கியதையும் காலை ஆறு மணிக்கு அந்தக் குழாயில் தெரிந்துவிடும். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, அவர் சொல்லும் டிகிரியை எழுதிக்கொள்ளும் எழுத்தர் நான். என் யோக்கியதையை அளக்க அங்கே கருவி எதுவும் இல்லாததால் நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். எங்கள் சின்னச் சபையில் போதகர் வராத வாரங்களில் பிரசங்கம் அவருடையது. ஒருமுறை நியாயப்பிரமாணத்தைப் பற்றிப் பேசினார். "பத்துக் கட்டளையும் நம்ம லாக்டோமீட்டர் மாதிரிதான். தண்ணியக் காட்டும், தண்ணியப் பாலாக்காது. காட்டுறதுக்குத்தான் அதக் குடுத்திருக்கு. ரட்சிப்புன்னா அது விசுவாசத்துல வாரது. நம்ம நல்ல நடத்தையக் காட்டிச் சம்பாதிக்க ஏலாது" என்றார். பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. எனக்கு மட்டும் உறுத்தியது. நாலு புத்தகம் படித்தவனுக்கு வரும் வியாதி இது. நல்ல வார்த்தை காதில் விழுந்தால் சொன்னவர் எதை மறைக்கிறார் என்று தேடச் சொல்லும். நடத்தையால் ரட்சிப்பு இல்லை என்று ஒருவர் இத்தனை உற்சாகமாகச் சொன்னால் அவர் நடத்தையில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

தேடினால் கிடைக்காமலா போகும்? அவர் வீட்டிலும் இரண்டு மாடுகள். அந்தப் பாலை எல்லோரும் போன பிறகு கடைசியாகத்தான் சோதிப்பார். அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டிகிரியைச் சொல்வார், எழுதுவேன். குழாயை நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திண்டுக்கல் மேலதிகாரிக்கு இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். தண்ணீர் கலந்த பால், கடைசிக் கேன், திருப்பிய முதுகு, எதையும் விடவில்லை. எங்கள் ஊர் முத்திரை விழக் கூடாதென்று பழனிவரை பஸ் ஏறிப் போய்ப் பெட்டியில் போட்டேன். கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு திரும்பிய என்னை வீட்டில் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். ஊரே கலையாமல் நிற்க, கடைசிக் கேன் வரும்வரை பொறுத்திருந்து, கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். நிரூபணமானால் அண்ணனுக்கு வேலை போகும், பிரசங்கமும் போகும். அவர் குழாயை மேஜையில் வைத்துவிட்டு விலகி நின்றார். அதிகாரியே குழாயை இறக்கினார். அது முங்கவில்லை. அன்றைக்கு வந்ததில் அதுதான் கெட்டிப் பால்.

"பின்ன எதுக்குய்யா கடைசியில வைக்கிற?"

"பெரிய கேன் நெறஞ்சிட்டா மிச்சப் பால் திரும்பிப் போயிரும்யா. திரும்புறது எம் பாலா இருக்கட்டுமேன்னுதான்."

"முதுகக் காட்டுறது?"

"சன்னல் அந்தப் பக்கம் இருக்கு. வெளிச்சம் வேணும்ல."

பொய்சாட்சி சொல்லக் கூடாதென்பது எத்தனையாவது கட்டளை என்று எனக்கு மனப்பாடம். நான் யாரென்று அது அன்று சுத்தமாகக் காட்டிக்கொடுத்தது. காட்டியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் எப்போதும்போல, "வா அப்பு, செத்த நேரம் டீக்கடைக்குப் போயிட்டு வருவோம்" என்றார். இவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் எப்போது திருப்பிக் கொடுப்பார்? டீயை மோந்து பார்த்துக் குடித்தேன். சட்டையைப் பிடித்திருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நம்பியிருப்பேன். தண்டனை எனக்குப் புரிகிற பாஷை. அவர் ஓய்வுபெற்று, திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குக் குடிபோகும்வரை வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய சந்தேகமாக நின்றுவிட்டது.

இப்போது சொசைட்டியில் மெஷின் வந்துவிட்டது. பாலை வைத்தால் எண் வருகிறது, யாரும் மூச்சை அடக்குவதில்லை. எனக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் எண்ணாக வரத் தொடங்கிய பிறகு, இனித் தள்ளிப்போட நாள் இல்லை என்று போன மாதம் திண்டுக்கல் போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் அவரைப் பார்த்ததும் மறந்துபோயின.

"அந்தக் கடுதாசி எழுதுனது நாந்தாண்ணே."

"தெரியுமே. கடேசிக் கேன் ஊத்துறப்ப அங்க யாரு இருப்பா? நீயும் நானுந்தான."

துப்பறியும் கதைகளை மூட்டை மூட்டையாகப் படித்தவனுக்கு இத்தனை வருஷம் இது தோன்றவில்லை.

"அப்ப ஏண்ணே அன்னைக்கே கேக்கல?"

"கேட்டா இல்லேம்ப. உனக்கு எதுக்கு இன்னொரு பொய்யி."

"இப்பவாவது மன்னிச்சிட்டீங்களா?"

"அது அன்னைக்கே ஆச்சு அப்பு. நீதான் வந்து வாங்கிக்கிடல."

திரும்பும் பஸ்ஸில், அவர் சொன்னதில் எங்கேயாவது ஓட்டை இருக்கும் என்று தேடிக்கொண்டே வந்தேன். கன்னிவாடியில் இறங்கும்வரை அகப்படவில்லை.