குரூஸ் என்ற பெயருக்கு நான் கீறிய கப்பல்

பதினொரு வயதில் என் பரம்பரையில் ஒரு போர்த்துக்கேயக் கப்டனைச் சேர்த்துக்கொண்டேன். வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய மல்கிரேவில், நான் படித்த பள்ளிக்கூடத்தில், அவரவர் குடும்பப் பெயரின் கதையைக் கண்டுபிடித்து வரும்படி ஆறாம் வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். எங்கள் பெயர் குரூஸ். பக்கத்தில் இருந்த பெண் கொப்பியில் இருந்த பெயரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது உன்னுடைய பெயர்தானா என்று கேட்டாள். இரவல் சட்டையோடு பிடிபட்டதுபோல எனக்குக் கூசியது. போர்த்துகலிலிருந்து வந்த கப்பல் கப்டன் ஒருவர்தான் என் முப்பாட்டன் என்று சொல்லிவிட்டேன். அவள் கண்கள் விரிந்தன. அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலையால் வந்தால் அதிகம் பேசமாட்டார். அன்று பெயரைப் பற்றிக் கேட்டதும் குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாங்கள் பறங்கியரோ அப்பா?”

“இல்லைப் பிள்ளை. ஞானஸ்நானம் குடுத்த போர்த்துக்கேயச் சாமிமார் தங்கட பேரை வச்சுப்போட்டுப் போட்டினம். ஆனா எங்கட தீவில ஆர் ஆரோட கலந்தவை எண்டது பேரைப் பாத்தாக் கொஞ்சம் விளங்கும். பொறு, கேட்டுச் சொல்லுறன்.”

அடுத்த இரண்டு வாரமும் மன்னார்த் தீவிலிருந்த சொந்தக்காரர்களைத் தொலைபேசியில் பிடித்து, ஒரு தாளில் ஊர் ஊராக எழுதினார். எந்த ஊரில் குரூஸ் அதிகம், எந்த ஊரில் மிராண்டா, எந்த வீட்டுக்குத் தூத்துக்குடிப் பக்கத்து மாப்பிள்ளை வந்தான் என்றெல்லாம் அதில் இருந்தது. ஒரே பெயர்க்காரர் பலர் சொந்தமே இல்லை. சொந்தக்காரர்களோ வேறு வேறு பெயர்களில் இருந்தார்கள். அப்பாவின் பூட்டி மலையாளக் கரையிலிருந்து வள்ளத்தில் வந்தவளாம்.

“எல்லாக் கரையில இருந்தும் வந்த ஆக்கள் நாங்கள்,” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. தலையாட்டிவிட்டு அறைக்குப் போய், பள்ளிக்கூடத்துக்காகக் கீறிவைத்திருந்த கப்டனின் கப்பலுக்கு நிறம் தீட்டினேன்.

பெற்றோரை அழைத்த நாளில் அப்பா அரைநாள் லீவு எடுத்து, அயன் பண்ணிய சேட்டோடு வந்தார். தானும் ஐந்து நிமிடம் பேசுவதாக ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. சுவரில் என் படம் தொங்கியது. மூன்று பாய்மரங்கள், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், கீழே ஆங்கிலத்தில் ‘என் முப்பாட்டன்’. அப்பா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்.

ஆசிரியை வந்து, கப்டனின் வாரிசு நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். முன்பு என் பெயரைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார்.

“யெஸ்,” என்றார்.

பேச அழைத்தபோது, “நோ, நோ. ஷீ டோல்ட் எவ்ரிதிங்,” என்று சிரித்துக்கொண்டே, ஊர் ஊராக எழுதிய அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஒரேயொரு வசனம்தான் பேசினார்.

“கப்பல் வடிவாக் கீறியிருக்கிறாய்.”

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அது போகட்டும். ஆசிரியை கேட்டது அப்பாவுக்கு விளங்கவில்லை, அவருடைய அரைகுறை ஆங்கிலம்தான் என்னைக் காப்பாற்றியது என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக் கடவுளுக்கு நன்றியும் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. வள்ளத்தில் வந்த பூட்டியிலிருந்து தன் ஆட்கள் அத்தனை பேரையும் அந்த ஒரு ‘யெஸ்’ஸில் அவர் எனக்காக விட்டுக்கொடுத்தார் என்பது அன்றைக்கு எனக்குத்தான் விளங்கவில்லை.