பழைய விலாசத்தையும் எழுதச் சொன்னேன்

நான் படித்தது நான்காம் வகுப்பு. தோளில் ஒயர் சுருளோடு மாடி மாடியாக ஏறி இறங்கித்தான் இன்று எண்ணூறு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறேன். யாருக்கு இணைப்பு கொடுத்தீர்கள் என்று மற்ற ஆபரேட்டர்களைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். என் இரும்புப் பெட்டியில் ஒவ்வொருவருடைய போட்டோ, கையெழுத்து, இப்போதைய விலாசம், பழைய விலாசம் எல்லாம் இருக்கும்.

லாண்டரிக்கு மேல் ஒற்றை அறையில் இருந்த தையல்காரம்மா விண்ணப்பம் எழுத வந்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணூறு வீட்டுக்கு ஒயர் கட்டினவரு, சட்டையில ஒரு பட்டன் கட்ட மாட்டீங்களா ஐயா?" என்றார். நின்ற இடத்திலேயே தைத்தும் கொடுத்தார். ஆனால் பழைய விலாசக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"அது வேண்டாங்கய்யா. அடி தாங்காம வந்த வீடு. நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாது."

"என் பெட்டிக்குள்ள போனது வெளிய வராதும்மா. எழுதுங்க."

எழுதினார்.

முகத்தைக் காட்டாமல், கைகளை மட்டும் காட்டி, தையல் பாடங்களை இணையத்தில் போட்டு வந்தார். பார்ப்பவர்கள் 'ரெண்டு கை' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பாடத்தின் பின்னணியில் ஒரு பாட்டு அனுமதியில்லாமல் முழுதாக ஓடிவிட்டது. பாட்டுக் கம்பெனி அந்த வீடியோ தளத்திடம் இணைப்பு எண்ணை வாங்கியது. அது யாருடையது என்று கேட்டு, நீதிமன்ற உத்தரவோடு எனக்குக் கடிதம் வந்தது. அவரிடம் முன்கூட்டிச் சொல்லவும் கூடாதாம்.

வக்கீலிடம் போனேன். "தர மாட்டேன்னு சொன்னா?"

"லைசென்ஸ் போயிடும். விவரமே இல்லேன்னா இல்லேன்னு எழுதலாம். பக்கத்துத் தெரு ஆபரேட்டர் அப்படித்தான் எழுதினார். உங்ககிட்ட இருக்கா?"

"பழைய விலாசம் வரைக்கும் இருக்கு."

"அதையெல்லாம் உங்களை யாருங்க கேக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கம்பெனி இரண்டு விலாசத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியது. பழைய வீட்டில் அதைப் பிரித்தவன் கணவன். புது விலாசமும் அதே தாளில் இருந்தது. மூன்றாம் நாள் அவன் லாண்டரி வாசலில் வந்து நின்றான். மேலே ஆளில்லை என்று லாண்டரிக்காரர் பொய் சொல்லி அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை தையல்காரம்மா என் அலுவலகத்துக்கு வந்து, துணியில் சுற்றிய ரவுட்டரை மேஜையில் வைத்தார்.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னமும் விலாசம் கேக்குறீங்களே ஐயா."

நான் துணியைப் பிரித்து ரவுட்டரை எடுத்துக்கொண்டேன்.

"அந்தத் தாளையாவது கிழிச்சிடுறீங்களா?"

இணைப்பை மூடினாலும் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைத்தான் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் படி இறங்கினார். தாள் பெட்டியில்தான் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.