சிரித்தால் அந்த வரி போச்சு

என் அண்ணி காதல் நாவல் எழுதுகிறவள். இதைச் சொன்னதும் சிலர் உதட்டோரம் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் சேதி.

அவளுக்கென்று தனி அறையெல்லாம் கிடையாது. இஸ்திரி மேசையின் ஓரம்தான் அலுவலகம். துணிக் குவியலைத் தள்ளிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், வீடே தலைகீழானாலும் அசைய மாட்டாள். புத்தாண்டு காலையில் மட்டும் எழுதுவதில்லை. காப்பிக் கோப்பையோடு நின்றபடி, அந்த வருடத்து எழுத்துக்கான தீர்மானத்தை எங்களிடம் அறிவிப்பாள். "இந்த வருஷம் என் கதாநாயகி எவளும் மயக்கம் போட்டு விழமாட்டா." "இந்த வருஷம் கதாநாயகன் சாப்பிட்ட தட்ட அவனே கழுவுவான்." சொன்னால் சொன்னதுதான். ஒரே ஒருத்தி மட்டும் அந்த வருடம் மயங்கி விழுந்துவிட்டாள். கேட்டதற்கு, "என்ன பண்றது, அவளுக்கு நிஜமாவே ரத்தசோகை" என்றாள்.

அந்த நாவல்களில் பாதிப் பங்கு என் அண்ணனுடையது. பஸ் பணிமனையில் மெக்கானிக், சரியான உம்மணாமூஞ்சி. காதல் வசனத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் கதாநாயகன் பேசும் ஒவ்வொரு வரியையும் அவன்தான் சத்தமாகப் படிக்க வேண்டும். நகக்கண்ணில் கிரீஸோடு, உதிரிப்பாகம் கேட்கிற குரலில், "நீ இல்லாம எனக்குப் பொழுது விடியாது" என்பான். சிரிக்காமல் படித்து முடித்தால் வரி தப்பித்தது. சிரித்தால் போச்சு, அண்ணி அங்கேயே குறுக்கே கோடு போட்டுவிடுவாள். எத்தனை அழகான வரிகள் இப்படிப் பலியாகியிருக்கின்றன! நான் பரிந்து பேசினால், "நிஜ ஆம்பள வாயில வராத பேச்சு எனக்கெதுக்கு?" என்பாள். ஆயிரம் பேர் அவளை விடாமல் படிக்கிறார்கள் என்றால் காரணம் இந்தக் கண்டிப்புதான்.

போன வருடம் நடுவில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் தேறின. பேச்சு வரவில்லை. முகத்திலும் ஓர் அசைவு இல்லை. நாம் சொல்வது புரிகிறதா என்பதுகூடத் தெரியவில்லை. "புரியலாம், நாளாகும்" என்றார் டாக்டர். அண்ணி அன்றோடு எழுதுவதை நிறுத்தினாள். இஸ்திரி மேசை முழுக்கத் துணி ஏறியது.

புத்தாண்டு காலையில் பதிப்பாளர் போன் செய்தார். பழையபடி ஆறு நாவல் வேண்டுமாம். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்று வைத்துவிட்டாள். இந்த வருடம் தீர்மானமும் இல்லை என்றுதான் நினைத்தேன். காப்பிக் கோப்பையோடு வந்து, அண்ணனின் நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

"உங்கண்ணனச் சிரிக்க வைக்கணும். இந்த வருஷம் அது ஒண்ணுதான். அவர் சிரிச்சா எழுதுவேன், இல்லேன்னா இதோட சரி."

"விளையாடறீங்களா அண்ணி? இது எழுத்துக்கு எடுக்கற தீர்மானமா?"

"பின்னே? கேட்டுச் சிரிக்க ஆளில்லாம எத அடிக்கறது, எத விடறது?"



மறுநாள் பென்சில் காதுக்கு வந்தது. வேண்டுமென்றே மட்டமான வரிகளாக எழுதினாள். கதாநாயகன் வேலை இப்போது என் தலையில். வேலைக்குக் கிளம்பும்முன், செருப்பு மாட்டின காலோடு நின்று படிப்பேன். "உன் கண்ணுல நான் நீச்சல் பழகறேன்." "உன் மூச்சுக்காத்து இருக்க, எனக்கெதுக்கு மின்விசிறி?" படிக்கிற நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாரங்கள் ஓடின. அவள் சளைக்கவில்லை. எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. இவன் சிரிக்காமலே போனால் இவள் என்ன ஆவாள்? ஒருநாள் பொறுக்க முடியாமல், "போதும் அண்ணி, மனசத் தேத்திக்குங்க" என்றேன். ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அதற்கப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் தாளைத் தரவில்லை. அண்ணன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வேடிக்கை இல்லீங்க. இத நிஜமாவே எழுதினேன்" என்று சொல்லிவிட்டு, குரல் நடுங்கப் படித்தாள். "நீங்க ஒரு வார்த்த பேசலேன்னாலும் பரவாயில்ல. உங்க மௌனத்தக் கேட்டுக்கிட்டே என் ஆயுச முடிச்சுடுவேன்."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்குகிறேன், 'க்ளுக்' என்று ஒரு சத்தம். அண்ணனின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தோள் குலுங்கியது. சந்தேகமே இல்லை, அதே பழைய சிரிப்பு. படுபாவி, அத்தனை மட்டமான வரிக்கும் கல்லாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஊரே அழக்கூடிய வரிக்குச் சிரிக்கிறான்!

அண்ணி தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிய வழியப் பென்சிலை எடுத்தாள்.

"நல்லா இல்லியா? சரிங்க, அடிச்சுடறேன்."

குறுக்கே கோடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கற? அந்தத் துணியெல்லாம் தூக்கிக் கட்டில்ல போடு. எனக்கு மேசை வேணும்."