மஞ்சள் உறை

வெர்லினைப் போல ஒரு வேலைக்காரனை நார்த் பிளாட் ஊரில் நான் பார்த்ததில்லை. அவனைப் போல ஒரு பிடிவாதக்காரனையும் பார்த்ததில்லை. ரயில்வே யார்டுக்குப் பின்னால் கார்களுக்கு ரேடியோ மாட்டும் கடை அவனுடையது. பதினெட்டு வருஷம் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடித்தது நான். அவன் பின்னால் கொட்டகையில் கார்களின் வயிற்றுக்குள் தலையை விட்டபடி கிடப்பான்.

டாஷ்போர்டைக் கழற்றித் திரும்ப மாட்டினால் ஒரு கீறல் இருக்காது. வெட்டிய கம்பித் துண்டு, டேப் துணுக்கு எதையும் தரையில் போட மாட்டான், சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வேலை முடிந்து சாப்பிட வரும்போது அதை என் மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பான். "உள்ள என்ன பண்ணேன்னு இது சொல்லும், நீவா" என்பான். என் மேசை என்ன குப்பைத்தொட்டியா என்று நானும் தினம் கத்துவேன்.

அறுபது வயதான அந்தக் குளிர்காலத்தில் அவன் மறக்க ஆரம்பித்தான். காலையில் பார்த்த ஆளிடம் மத்தியானம் பெயர் கேட்டான். ஒரே காருக்கு இரண்டு முறை ரேடியோ வரவழைத்தான். அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். கடைசியில் தன் மாட்டுக் கொட்டிலுக்குள் நின்று, இது யார் வீட்டு மாடு என்று கேட்டாராம். "யார்கிட்டயும் சொல்லாத. கை சரியா இருக்கிற வரைக்கும் ஓட்டிடறேன்" என்று வெர்லின் என்னிடம் சத்தியம் வாங்கினான். நானும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினேன். ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் உரிமையாளர் பெயரையும் செய்யவேண்டிய வேலையையும் எழுதி ஒட்டினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் மாதம் மார்வா வந்தாள். வடக்கே மணல்மேடுகளுக்கு நடுவே தனித்தனியாகக் கிடக்கும் பண்ணை வீடுகளுக்குப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ். ஒரு நாளைக்கு நூற்றைம்பது மைல் ஓட்டுவாள்.

"டிரையன் ஊரைத் தாண்டினா ரேடியோல வெறும் இரைச்சல்தான். எனக்கு நானே பேசிப் பேசி எனக்கே என்னைப் பிடிக்காமப் போச்சு. அந்த சாட்டிலைட் ரேடியோவை மாட்டி விடுங்க" என்றாள்.

"உன் பேச்சைக் கேட்டு மாடுங்கல்லாம் பால் நிறுத்திடுச்சுன்னு சொன்னாங்க" என்றேன்.

"கிழவி, உனக்கு ஊசி போடற நாள் வரும். அன்னிக்கு வெச்சுக்கறேன்!"

வெர்லின் கூரையில் சின்ன ஆண்டெனாவை ஒட்டி, அதன் கம்பியைக் கதவு ரப்பருக்குள் இழுத்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் பெட்டியை மாட்டினான். ஒரு மணிக்கு மார்வா பாட்டுச் சத்தத்தோடு போனாள். அவன் என் மேசைக்கு வந்து பையைக் கொட்டினான்.

கறுப்பு டேப்புக்கு நடுவில் விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் உறை, கிழிந்து கிடந்தது.

அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எங்கள் தொழிலில் மஞ்சள் கம்பி என்றால் பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரம். ரேடியோ மாட்டுகிறவன் கை முப்பது வருஷமாகக் கண்ணைக் கேட்காமலே மஞ்சளைத் தேடும். ஆனால் புதுக் கார்களில் மஞ்சள் உறைக்குள் போவது ஏர்பேக்கின் கம்பிகள். அதில் கைவைத்தால் ஓட்டும்போதே பை முகத்தில் வெடிக்கலாம், இல்லை மோதும்போது விரியாமலே போகலாம்.

"அதை வெட்டினியா?"

"தெரியல."

"அந்தக் கம்பியிலயா கரண்ட் எடுத்த?"

"ஞாபகமில்ல, நீவா. நிஜமா இல்ல."

அவளைச் செல்போனில் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. அந்த மேடுகளில் எந்தப் போனுக்கும் சிக்னல் இருக்காது. இப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். "ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணைஞ்சுதானே இருந்தது? நாளைக்கு அவளைக் கூப்பிட்டு, வேற ஏதோ காரணம் சொல்லிப் பார்த்துக்கலாம்" என்றேன். அவனைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

"விளக்கு எல்லாத்தையும் காட்டாது. அவ நாளைக்கு வரைக்கும் ஓட்டணுமே" என்று வெர்லின் சாவியை எடுத்தான்.

மூன்று மணிக்கு அவள் தான் கவனிக்கும் லூடெக் கிழவரின் பண்ணையில் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவன் வண்டியிலேயே கிளம்பினோம். எதிரே வந்தவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். அவன் பதிலுக்குத் தூக்கவில்லை. டிரையன் தாண்டிப் பாதை பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"இடமா, வலமா?"

சின்ன வயதிலிருந்து அவன் மான் வேட்டைக்குப் போன பாதை அது. "வலம்" என்றேன்.

மார்வாவின் கார் வாசலில் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. அவள் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் ஜோடியா ஊரை விட்டு ஓடி வந்துட்டீங்களா?"

"மார்வா, உன் ஏர்பேக் கம்பியில நான் தப்புப் பண்ணியிருக்கலாம். என்ன பண்ணேன்னு எனக்கு ஞாபகமில்ல. எனக்கு மறதி வந்துடுச்சு. இனிமே சரியாகாது" என்றான் வெர்லின்.

ஊரில் யாருக்கும் சொல்லாததை நடுமுற்றத்தில், காற்றில் நின்று சொன்னான். மார்வாவின் சிரிப்பு போய்விட்டது. அவனை நர்ஸின் கண்ணால் ஒருமுறை பார்த்தாள். "திறந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏர்பேக்கில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். பிறகு டாஷ்போர்டைத் திறந்தான். நான் டார்ச் பிடித்தேன்.

ரேடியோவின் மின்சாரம் சரியான கம்பியிலிருந்துதான் எடுக்கப்பட்டிருந்தது. ஏர்பேக் கம்பிகள் கூரான ஒரு இரும்பு விளிம்பில் வெகுநாளாக உரசி, மஞ்சள் உறை கிழிந்திருக்கிறது. கிழிந்த துண்டை எடுத்துவிட்டு, கம்பிகளுக்குத் துணி டேப் சுற்றி, விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டியிருந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் கம்பியே அறுந்திருக்கும். டேப்பின்மேல் வெள்ளை மையில் வெர்லினின் இரண்டு எழுத்துக் கையெழுத்து, கீழே அன்றைய தேதி.

நான் சத்தமாகச் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். "முட்டாளே! நீ அவளைக் காப்பாத்தியிருக்க!"

மார்வா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. டேப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"அருமையான வேலை" என்றான், வேறு யாரோ செய்ததைப் பார்க்கிறவன் மாதிரி. "இதை நான் இப்பதான் முதல் தடவையாப் பார்க்கறேன், நீவா."

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். கையெழுத்துப் போடும் வெள்ளைப் பேனாவை மார்வாவின் காரிலேயே வைத்துவிட்டு வந்து, தன் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினான். திரும்பும் வழி முழுக்க ஓட்டியது நான். மறுநாள் கொட்டகையைப் பூட்டினோம்.

அவன் அன்று தப்புத்தான் செய்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திருத்தியிருப்பான். சரியாகச் செய்ததே நினைவில் இல்லாததை எப்படித் திருத்துவான்?