ஒரே பிரதிப் பத்திரிகை

கையெழுத்துப் பத்திரிகையில் எழுதுகிறவளுக்குப் பேர் கிடைக்கும், படியெடுக்கிறவளுக்கு விரலில் காய்ப்புத்தான் கிடைக்கும். பள்ளிக்கூட நாளில் இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இதை வாசிக்கும்போதே நடுவிரலைத் தடவிப் பார்த்துக்கொள்வீர்கள். நானும் உங்கள் கூட்டம்தான். ஐம்பதுகளில், திண்டுக்கல்லில் எட்டாவது படித்தபோது, 'பள்ளித் தூது' என்று மாதம் ஒரு இதழ் கொண்டுவந்தோம். அச்சு கிடையாது, ஒரே பிரதிதான். மையால் எழுதி, தைத்து, அட்டை போட்டு வைத்தால், ஒவ்வொரு மாணவி வீட்டுக்கும் ஒரு நாள் போய் வரும். கடைசியில் வெறும் பக்கம் விட்டிருப்போம். வாசித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும்.

பலகையில் பழகிய கை

ஓதும் பள்ளியில் மரப்பலகையில் மூங்கில் குச்சியால் அரபு எழுதிப் பழகியவள் நான். எழுத்து கோணினால் ஓதிக்கொடுக்கும் லெப்பை பலகையைக் கழுவி, மறுபடி எழுதச் சொல்வார். அந்தப் பயத்தில் படிந்த கை, தமிழையும் நிமிர்த்தி நிறுத்தியது. அதைப் பார்த்துத்தான் தமிழ் டீச்சர் என்னைப் பத்மாவிடம் அனுப்பினார்.

பத்மா ஒன்பதாவது படித்தாள். பத்திரிகைக்கு அவள்தான் ஆசிரியை. நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் செய்கிற குடும்பம். பஸ்ஸில் பூக்கூடைகளுக்கு நடுவே நின்று வருவதால் பாவாடையெல்லாம் மல்லிகை மணக்கும். நானோ வாயைத் திறக்கத் தெரியாதவள். கதவோரம் நின்று, "நான் என்ன எழுதணும்க்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு கட்டுக் காகிதத்தை என் கையில் திணித்து பத்மா சொன்னாள்: "அக்காவாவது ஒண்ணாவது, பத்மான்னே கூப்பிடு. நீ ஒண்ணும் எழுத வேணாம், எழுதுனத எழுதுனாப் போதும்."

வாசகர்கள் பலவிதம்

சுற்றுக்குப் போன இதழ் போன மாதிரி திரும்பியதே இல்லை. குழம்புக் கறை இருக்கும், கைக்குழந்தையின் பென்சில் கிறுக்கல் இருக்கும். கருத்துப் பக்கத்தில் யாருடைய தம்பியோ கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான்.

ஒரு தடவை அட்டையில் வட்டமாகத் தழும்பு விழுந்து வந்தது. விரல் ஒடிய எழுதியவள் நான், ஆனால் கோபம் வந்தது பத்மாவுக்கு. என்னையும் இழுத்துக்கொண்டு அந்த மாணவியின் வீட்டுக்கே நியாயம் கேட்கப் போனாள். அந்த அம்மா எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு மனசாரச் சொன்னார்: "நல்ல பத்திரிகை கண்ணு. அட்டை கெட்டியா இருக்கப்போயி, பால்சட்டிய மூட என்னா தோதா இருந்துச்சு!"

இன்னும் ஒரு இதழ்

சிறுமலைக்குப் போய்வந்த கதை, கோலப்போட்டி, தலைமையாசிரியை பேச்சு என்று எல்லாவற்றையும் படியெடுத்தேன். ஒரு வாக்கியம் தேவைக்கு மேல் நீண்டால் முதலில் என் விரலுக்குத்தான் தெரியும். இன்ன இடத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று தோன்ற ஆரம்பித்தது. பிறகு, நானாக இருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று தோன்றியது. அப்புறம் அந்த ஆசை விடவில்லை. ஒரே ஒரு கட்டுரை என்னுடையதாக, அடியில் என் பெயரோடு வர வேண்டும்.

எங்கள் வீட்டில் வயதுக்கு வந்த அன்றோடு பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மூத்தவள், என் ராத்தாவை ஆறாவதிலேயே நிறுத்தியாயிற்று. யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கையேந்தினால் வேறு எதுவும் கேட்க வராது. "யா அல்லா, இன்னும் ஒரு இதழ்" என்றுதான் வரும்.

எனக்கு என்ன தெரியும், எதைப் பற்றி எழுத என்று பத்மாவிடம் அழுதேன். அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம், அவருக்குத் தோல் மண்டியில் வேலை. நான் வகுப்புக்குள் நுழைந்தால் விளையாட்டுக்கு மூக்கைப் பொத்துகிறவர்கள் இருந்தார்கள். பத்மா சொன்னாள்: "ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுப் போற எடத்துலருந்து நீ வார. உள்ள என்ன நடக்குதுன்னு வேற எவளுக்குடி தெரியும்?"

அத்தாவிடம் ஒரு பேட்டி

எனக்கும் தெரியாது என்பதுதான் சங்கடம். அத்தா வேலை விட்டு வந்தால் கிணற்றடியில் குளித்து, கைலி மாற்றித்தான் வீட்டுக்குள் வருவார். அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அந்தியில் மகரிபு தொழுதுவிட்டு வந்தவர் முன்னால் தாளோடு உட்கார்ந்தேன். "ஒங்க வேலையப் பத்திக் கேக்கவா அத்தா?" அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இதயெல்லாம் எழுதி ஊரு பூரா அனுப்பு, அப்புறம் எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றார்.

அத்தா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆட்டுத்தோலைக் கட்டைவிரலால் தடவினாலே முள் கீறல் தட்டுப்படுமாம். கீறல் அதிகமென்றால் வேடசந்தூர்ப் பக்கத்து வறண்ட காட்டில் மேய்ந்த ஆடாம். உப்புத் தடவித் தடவிக் கையெல்லாம் வெடிப்பாம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக் காரம் பட்டால் எரியுமாம். எங்கள் வீட்டில் அத்தா மட்டும் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார். அதை அதுவரை நாகரிகம் என்றே நினைத்திருந்தேன். நான் எழுதுகோலைக் கீழே வைத்ததும் அத்தா சொன்னார்: "மூக்கப் பொத்துற புள்ளைகள வஞ்சு எழுதிராத தாயி. நாத்தம் அடிக்கத்தான் செய்யுது."

எட்டாம் வகுப்பு, மைமூன்

மற்றவர்கள் எழுதியதை முடித்துவிட்டுத்தான் படியெடுக்கிறவள் தன்னுடையதைத் தொடலாம் என்பது எங்கள் பத்திரிகை வழக்கம். என்னுடையது வருவதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன். உள்ளறையில் உட்கார்த்திவைத்தார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு, எழுதாமல் விட்ட பக்கங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி விட்டதும் பஸ்ஸை விட்டுவிட்டு, தாளும் மைக்கூடுமாகப் பத்மா வந்து நின்றாள். "வேற கையெழுத்துல முடிச்சா ஒட்டுப் போட்ட சீலை மாதிரி இருக்கும்மா" என்று அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு வழியை விட்டார். நடுவில் நின்ற வேலையை மறுநாள் அவள் வருவதற்குள் முடித்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார, கடைசியாக என் கட்டுரை. பெயர் எழுதினேன். வகுப்பு எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான்தான் இப்போது எந்த வகுப்பிலும் இல்லையே. பத்மா எட்டிப் பார்த்து அதட்டினாள்: "எட்டாப்புன்னு போடுடி. பத்திரிகைக்கு ஆசிரியை நீயா நானா?"

சுற்றுக்குப் போன இதழ்

பத்திரிகை மாணவிகள் வீட்டுக்குத்தான் போகும். நான் மாணவி இல்லை. தெருவில் பள்ளிக்கூடப் பெண்கள் பேச்சுக் குரல் கேட்டால் ஜன்னலோரம் போய் நிற்பேன். யார் வீட்டில் இருக்கிறதோ, யார் என்ன கருத்து எழுதினார்களோ! அதற்கப்புறம் பத்மாவைப் பார்க்க வாய்க்கவில்லை, அவளும் பள்ளியை முடித்துப் போய்விட்டாள். என்னை ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். யாரிடமும் எதையும் கேட்கக் கூசியவள், அங்கே மாமியாரிடம்கூட வேண்டியதை முகம் பார்த்துக் கேட்டேன். அத்தா முன்னால் தாளோடு உட்கார்ந்த அன்று வந்த துணிச்சல் அது.

அறுபதுகளில் ஒரு நாள், திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இடுப்பில் மகனோடு நின்றபோது பத்மா எதிரே வந்தாள், அவள் கையிலும் ஒரு குழந்தை. நலம்கூட விசாரிக்கவில்லை நான். "என் கட்டுரைக்கு என்ன எழுதியிருந்தாங்க?" என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த இதழு திரும்பியே வரலடி. யாரக் கேட்டாலும், படிச்சுட்டு அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டேன்னுதான் சொன்னாளுக."

கருத்து ஒன்றும் வரவில்லையே என்று வருத்தப்படும் எழுத்தாளர்களே, ஒரே ஒரு கட்டுரை எழுதிவிட்டு, பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்த பிறகும், 'அடுத்த வீடு' எது என்று ஒருத்தி இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.