பன்னீர்ச் சாரலில் ஒரு சந்தேகம்

செல்வராணி அக்கா போய்விட்டார் என்று அவருடைய அண்ணன் மகள் கலா போனில் சொன்னபோது, ராயப்பேட்டையில் எங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமோனியா என்றாள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

இதே ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாய் தெரியும். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் வீட்டிலிருந்து படித்து வந்தவர். முடிவைச் சீக்கிரம் கேட்கும் டாக்டர்களிடம், "கிருமிக்கு இன்னா அவசரம் சார், உங்களுக்குத்தான் அவசரம்" என்பார். நிச்சயமாகத் தெரியாத எதையும் உறுதி என்று எழுதியதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஓர் ஏசி மண்டபத்தில் கலாவின் கல்யாணம். இப்போதெல்லாம் வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் நிற்பதில்லை. விசிறி வைத்த இயந்திரம் ஒன்று சாரல் அடிக்கிறது. எல்லோரும் அதன் முன் முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனோம். அக்கா மட்டும் மூக்கைச் சுளித்தார். தேங்கின தண்ணீர் வாடை அடிக்கிறது என்றார். மறுவாரம் வந்தவர்களில் பலருக்கு இருமல், காய்ச்சல். மாப்பிள்ளையின் அப்பா இறந்தே போனார்.

கலா கால் வைத்த நேரம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச ஆரம்பித்தார்கள். அவளை விளக்கேற்றக்கூட விடவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அக்கா அழுவதை முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த முகூர்த்தத்தில், முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்துக்கு அதே மண்டபத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார். அந்தச் சாரலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, கைப்பையில் தட்டுகள். முகக்கவசம் போடச் சொன்னேன். "கல்யாணத்துக்கு வந்தவ மூஞ்ச மூடிக்கினு நின்னா உள்ள வுடுவானா?" என்று சிரித்தார். சாரலுக்குப் பக்கத்தில் தட்டைத் திறந்து வைத்துவிட்டு, பெண் வீட்டுக்காரி மாதிரி வருகிறவர்களை வாங்க வாங்க என்று வரவேற்றுக்கொண்டே நின்றிருக்கிறார்.

தட்டில் வளர்ந்தது நுரையீரலைத் தாக்கும் கிருமி போல இருந்தது. சந்தேகம் என்றுதான் எழுதினார். மேற்கொண்டு சோதிப்பதற்குள் தட்டில் பூஞ்சை ஏறிக் கெட்டுவிட்டது. இன்னொரு மாதிரி வேண்டும் என்று மண்டப மேனேஜரிடம் நேராகப் போய்க் கேட்டார். அவர் செய்த ஒரே தவறு அதுதான். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் இயந்திரம் ப்ளீச்சிங் வாடையோடு பளபளவென்று இருந்தது. அந்தத் தண்ணீரில் எதுவும் வளரவில்லை. வெறும் சந்தேகத்தை வைத்து மண்டபத்தை மூட முடியாது என்று, அவர் புகார் கொடுத்த மாநகராட்சி அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

அதற்குள் அக்காவுக்கே இருமல். சர்க்கரை உள்ள உடம்பு, தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "கலா மேல பழி வரக் கூடாது. அத மட்டும் பாத்துக்கோ" என்றார். தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

சாவு வீட்டில் கலா பெண்களோடு உட்காராமல் தெருவில் தனியாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த செத்ததுக்கும் நான்தான் காரணம்னு பேசிக்கினு கீறாங்க. நான் இல்லன்னு நீங்களாவது சொல்லுங்க."

அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அங்கேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாப்பிள்ளையின் சித்தப்பா நிதானமாகக் கேட்டார்: "ஆதாரம் எதுனா கீதா?"

இல்லை. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய சந்தேகம் ஒன்றுதான். அதை உறுதி என்று சொல்ல, உயிரோடு இருந்தால் அவரே என்னை விடமாட்டார். அது சந்தேகம்தான், உறுதி இல்லை என்று கலாவிடம் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை.