அம்மா டீச்சரிடம் சொன்னது

பேத்தி இன்னொரு பிள்ளை வீட்டுக்கு விளையாடப் போவதென்றால் என் மருமகள் முதலில் அந்த வீட்டுக்குக் கால்மணி நேரம் போன் பேசுவாள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, இளைப்பு வந்தால் உறிஞ்சுகிற மருந்து பையில் இருக்கிறது, பால்கனிக்குக் கம்பி போட்டிருக்கிறதா, நாய் உண்டா என்று ஒன்று விடமாட்டாள். ஸ்ரீரங்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் கதையை இன்னொருத்தர் எழுதித் தர வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அப்போது எங்கள் வீடு காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அப்பாவுக்கு வாழைக்காய் மண்டியில் வேலை. வீட்டை நடத்தியது அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. எட்டு வயதில் எனக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. வந்தால் கதவைச் சாத்திவிட்டுக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். வெளியே யாராவது கேட்டால் வெயில் மயக்கம். மார்கழியிலும் எனக்கு வெயில் மயக்கம்தான். அக்காவுக்குத் திருவெள்ளறையில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு வலிப்பு என்று தெரிந்தால் அக்காவை எடுக்கமாட்டார்கள் என்று அத்தை பயந்தார். பயத்தில் தப்பில்லை, அப்படி நின்றுபோன கல்யாணங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா இருந்தார். அவர் மகள் என் வகுப்பு. ஒரு சனிக்கிழமை என்னை விளையாட அனுப்பச் சொல்லி அவரே வந்து கேட்டுவிட்டார். டீச்சர் கேட்டதை மறுக்க அத்தைக்கு வாய் வரவில்லை. "போயிட்டு வரட்டும். வாயத் தொறந்தா தெரியும் சேதி" என்றார், அம்மாவைப் பார்த்து.

அம்மாதான் கொண்டுபோய் விட்டாள். அந்த வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்தான். அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"டீச்சர், இதுக்கு வலிப்பு வருங்க. கெணத்தடிக்கும் அடுப்படிக்கும் மட்டும் விட்டுடாதீங்க. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தானா தெளிஞ்சுடும்னு பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. வெளியில தெரிஞ்சா மூத்தவ கல்யாணம் நின்னுடுங்க."

மாத்திரை எப்போது கொடுக்கிறீர்கள், வருவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று டீச்சரம்மா கேட்டார். இடது கண் துடிக்கும் என்றாள் அம்மா. எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

"எங்கிட்ட இருந்து சேதி வெளியில போகாதுங்க. நீங்க தைரியமா போயிட்டு வாங்க" என்றார் டீச்சரம்மா.

அவர் கிணற்றுமேல் பலகை போட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்தார். கண்ணாமூச்சியில் அவர் மகள் மட்டும் கிணற்றுக்குப் பின்னால் ஒளியலாம், நான் கூடாது. அந்த வீட்டில் ஒளிய இருந்த நல்ல இடமே அது ஒன்றுதான். எல்லா ஆட்டமும் தோற்றேன்.

அந்த ஆத்திரத்தில், வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அம்மா டீச்சரிடம் வலிப்பு என்று சொன்னதால்தான் தோற்றேன் என்று.

அத்தை சத்தம் போடவில்லை. "சொன்னியாடி?" என்று அம்மாவைக் கேட்டார்.

"சொன்னேன் அண்ணி. கெணறு மொழங்கால் ஒசரந்தான் இருக்கு."

"கெணத்துல விழுந்தா ஒருத்தியோட போகும். இப்ப ரெண்டு பேரு வாழ்க்கையும்ல போச்சு."

சொன்ன பிறகு அத்தை என் பக்கம் பார்க்கவில்லை. அப்பா யார் பக்கமும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மாவை அவள் பிறந்த ஊரான மணப்பாறைக்கு அனுப்பினார்கள். அக்கா கல்யாணத்துக்குத்தான் திரும்பக் கூட்டிவந்தார்கள், நாலு மாதம் கழித்து. டீச்சரம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அக்கா திருவெள்ளறைக்கே வாழ்க்கைப்பட்டாள்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில், ஊருக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். மாத்திரையை மறக்காமல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

நான், "வரும்போது முறுக்கு வாங்கிட்டு வாம்மா" என்றேன்.

சரி என்றாள்.